தே... என்றார் அப்பா

இரண்டு வாரத்துக்கு முன்பு, இரவு நிகழ்ச்சியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம். ஸ்டூடியோ கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவருக்கு இருபது வயதுதான் இருக்கும்.

"அக்கா, மோட்டார் சாமானுக்கு ஒரு பெயிண்ட் இருக்காம். அடிச்சிட்டு ஓவன்ல வச்சுச் சுட்டா கல்லு மாதிரி ஆயிடுமாம். வீடியோல துப்பாக்கிக்கே அடிக்கிறாங்க. எங்க வீட்டுல அம்மா கேக் சுடுற ஓவன் இருக்கு. செய்யலாமாக்கா?"

நேயர்கள் என்னிடம் எதையும் கேட்பார்கள். மாமியார் பிரச்சினை, பிடிபிடிஎன் கடன், நாய்க்கு என்ன பெயர் வைக்கலாம் என்பது வரை வரும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. "தயவுசெஞ்சு அம்மா ஓவனைத் தொடாதீங்க தம்பி" என்று மட்டும் பதில் அனுப்பினேன். "ஏன்கா?" என்று கேட்டார். பாட்டு முடிய நாற்பது வினாடிதான் இருந்தது. அந்த ஏன் நாற்பது வினாடிக்குள் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் ரெங்கம். வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் சிம்பாங் ரெங்கத்துக்குப் போய் நின்றுகொண்டு போன் செய்வார்கள். அது வேறு, இது வேறு. எங்கள் ஊர் குளுவாங் மாவட்டத்தில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிற சின்ன ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. அப்பா செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் எங்களுக்கு இருந்த ஒரே வாகனம் அவருடைய ஹோண்டா சி70 கப்சாய்தான். முன்னால் தம்பி நிற்பான், பின்னால் அம்மா, நடுவில் நான். போலீஸைக் கண்டால் மூன்று பேரும் இறங்கி நடப்போம்.

மூன்று வருடத்துக்கு முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் பாதிதான் திரும்பியது. பேச்சும் அப்படித்தான். சொல்ல நினைப்பது அவருக்குள் இருக்கிறது. அது வாய்க்கு வந்துசேர நேரமாகும். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் எங்களிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "அவர் ஆரம்பிக்கிற வார்த்தையை நீங்க முடிச்சு வைக்காதீங்க. காத்திருங்க."

என் தொழிலில் மூன்று வினாடி சத்தம் இல்லாமல் போனால் மேலிடத்திலிருந்து அழைப்பு வரும். பத்து வருடமாக இடைவெளியை நிரப்பியே சம்பளம் வாங்கியவள் நான். காத்திருப்பது எனக்கு வரவே இல்லை.

போன வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஊருக்குப் போயிருந்தேன். கொட்டகையில் அந்த சி70 சாய்ந்து கிடந்தது. அப்பா ஓட்டுவதில்லை, தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். பின் கேரியர், கிக்கர், சங்கிலி மூடி எல்லாவற்றிலும் துரு ஏறிவிட்டது. நம் ஜொகூர் மழையும் ஈரமும் தெரிந்ததுதானே. இரும்புக்கு ஈரமும் காற்றும் போதும், மற்றதை அது தானே செய்துகொள்ளும். தீபாவளிக்குள் இதைப் புதுசுபோல ஆக்கி அப்பா முன்னால் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அன்று இரவு வீடியோக்களைத் தேடினேன். குரல் பதிவுத் தம்பி பார்த்த அதே வகைதான் எனக்கும் வந்தது. அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் கைத்துப்பாக்கியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, செராகோட் என்ற பூச்சை அடித்து, சின்ன ஓவனில் வைத்துச் சுடுகிறார். வெளியே எடுத்துச் சாவியால் கீறுகிறார், கோடு விழவில்லை. உப்புத் தண்ணீரில் ஊற வைக்கிறார், துரு வரவில்லை. பீங்கான் துகள் கலந்த பிசின் அது. ஒரிகன் மாநிலத்தில் உள்ள நிறுவனம் தயாரிக்கிறது. துப்பாக்கிக்கு மட்டும் இல்லை, மோட்டார் புகைக்குழாய் முதல் மூக்குக் கண்ணாடிச் சட்டம் வரை அடிக்கிறார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். கேள்வி கேட்ட தம்பியின் வயதில் இருப்பவர்களுக்காக. அந்த வீடியோவில் வருவது அவர்கள் ஊர்ச் சட்டத்துக்குள் நடக்கிற வேலை. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்து பிடிபட்டால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. அதனால் துப்பாக்கியை வீடியோவோடு விட்டுவிடுவோம். கேரியருக்கும் கிக்கருக்கும் வருவோம்.

ஆனாலும் துப்பாக்கிக்கும் துருவுக்கும் எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவித்தபோது தோட்டங்களைக் காவல் காக்கச் சிறப்புக் காவலர்களைச் சேர்த்தார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள், நம்மவர்களும் இருந்தார்கள். 'எஸ்சி' என்றால் பெரியவர்களுக்குப் புரியும். என் தாத்தாவும் எஸ்சிதான். மழையிலும் வேர்வையிலும் ராத்திரி முழுக்க லீ என்ஃபீல்ட் ரைஃபிளோடு வேலியோரம் நின்றுவிட்டு, காலையில் சோறு உண்பதற்கு முன்னால் அதைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். "தாத்தா என்னைத் தூக்கின நேரத்தைவிட அதைத் துடைச்ச நேரம்தான் அதிகம்" என்று பாட்டி சொல்வாராம்.

அந்தக் காலத்துத் துப்பாக்கி இரும்பின் மேல் இருந்த கறுப்பு பெரும்பாலும் பெயிண்ட் இல்லை. இரும்பையே ரசாயனத்தில் போட்டு, மெல்லிசான கறுப்பு ஆக்சைடு படலமாக மாற்றிவிடுவார்கள். சிவப்புத் துரு போல அது உதிராது, ஆனால் எண்ணெய் இல்லாமல் ரொம்ப நாள் தாங்காது. பிற்பாடு பிரிட்டிஷ் ராணுவம் வேறு வழிக்கு வந்தது. இரும்பை முதலில் பாஸ்பேட் கரைசலில் போட்டுச் சொரசொரப்பாக்கி, அதன் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்து, சூளையில் வைத்துச் சுட்டார்கள். எஸ்எல்ஆர் ரைஃபிள்களில் இருந்தது அந்தப் பூச்சுதான். தோட்டத்துக் கிராணிமார் வைத்திருந்த ராலே சைக்கிளின் கறுப்பு முப்பது வருடம் மின்னியதற்கும் அதே காரணம், அதுவும் சுட்ட எனாமல். ஆக, சூட்டில் இறுகும் பூச்சு புதுசு இல்லை. நான்தான் அதற்குப் புதுசு.

சூட்டில் இறுகும் கறுப்புப் பெயிண்ட் ஒரு டின்னை ஆன்லைனில் வாங்கினேன். டின்னின் பின்பக்கம் கடுகளவு எழுத்தில் ஒரு முழுப் பத்தி இருந்தது. மேற்பரப்பைச் சுத்தம் செய்யவும், எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவும், பழைய பூச்சைச் சுரண்டவும், ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் காய விடவும். நான் அதில் படித்தது இரண்டு எண்களை மட்டும். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்.

சனிக்கிழமை மதியம். அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கேரியரையும் கிக்கரையும் கழற்றி, பழைய துணியில் நனைத்துத் துடைத்து, கொட்டகை வாசலில் கம்பியில் தொங்கவிட்டேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் டின்னைக் குலுக்க ஆரம்பித்ததும் இடது கையைத் தூக்கினார்.

"தே..." என்றார்.

"தேத்தண்ணியாப்பா? இதோ" என்று உள்ளே ஓடிப் போய்க் கலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. மறுபடியும் கையைத் தூக்கினார். "தே... தே..."

"சூடா இருக்குப்பா, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். தடிமனாக அடித்தால் நன்றாகத் தாங்கும் என்று நினைத்து ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தடவை. பத்து நிமிடம்கூடக் காயவில்லை. அம்மாவின் ஓவனில் வைத்துத் திருகிவிட்டேன்.

அந்த ஓவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் ஊடகப் படிப்புக்குச் சேர்ந்த வருடம் அம்மா கூட்டு எடுத்து வாங்கியது அது. அன்னாசி டார்ட், வெண்ணெய் பிஸ்கட், கேக் என்று தீபாவளிக்கும் பெருநாளுக்கும் ஆர்டர் எடுப்பார். என் விடுதிக் கட்டணத்தில் பாதி அந்த ஓவனிலிருந்து வந்தது. இந்தத் தீபாவளிக்கும் அறுபது டின் ஆர்டர் எடுத்து முன்பணமும் வாங்கி வைத்திருந்தார்.

இருபது நிமிடத்தில் வீடு முழுக்க நெடி. கண் எரிந்தது. ஓவன் கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை. அப்பாவை எப்படியோ இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் இருமிய இருமலில் பக்கத்து வீட்டு மக்சிக் ஓடி வந்துவிட்டார். அம்மா திரும்பி வந்து ஓவனைத் திறந்து பார்த்தார், மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பிளக்கைப் பிடுங்கினார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் சோடா மாவு, எலுமிச்சை, வினிகர் எல்லாம் போட்டுத் தேய்த்தோம். வெறும் ஓவனை ஓடவிட்டோம். சூடு ஏறினதும் அதே நெடி வந்தது. அதில் இனி வாயில் வைக்கிற எதையும் சுட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். சரியான முடிவு. அறுபது டின்னையும் மக்சிக்கின் ஓவனில் இரவு இரவாகச் சுட்டு முடித்தார். பெருநாள் ஆர்டர் நேரத்தில் அம்மா அவருக்குக் கைகொடுத்தது உண்டு, அந்த நன்றி. நான் புது ஓவன் வாங்கிக் கொடுத்தேன், கடையில் இருந்ததிலேயே நல்லது. அம்மா அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். "பழசுக்கு எந்த மூலையில சூடு கூடன்னு எனக்குத் தெரியும். இது இன்னும் எனக்குப் பிடிபடல" என்றார்.

இவ்வளவுக்கும் அந்தக் கேரியர் பார்க்க அருமையாக வந்திருந்தது. கறுகறுவென்று மின்னியது. அதுவும் எத்தனை நாள்? தீபாவளிக்கு முந்தின வாரம் போனபோது ஓரத்தில் கொப்புளம். விரலால் தொட்டேன், அவித்த முட்டையின் தோல் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. அடியில் செம்மண் நிறத்தில் துரு, முன்பைவிட அதிகமாக.

இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு குளுவாங் போனேன். அங்கே கேட், கிரில், ரிம் எல்லாவற்றுக்கும் பவுடர் கோட்டிங் அடிக்கிற ஒரு பட்டறை. நடத்துபவர் இளவயதில் ஆலையில் அப்பாவுக்குக் கீழே வேலை கற்றவர். எனக்குச் சித்தப்பா முறை. அப்பாவைப் பார்த்ததும் "அண்ணே!" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேரியரை வாங்கிப் பார்த்தார். நகத்தால் ஒரு துண்டு உரித்து, அதன் அடிப்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னும் செயின் எண்ணெய் வாடை அடிக்குது. எதால கழுவின பாப்பா?"

"துணியால துடைச்சேன் சித்தப்பா."

"துடைச்சியா? பெயிண்ட் இரும்புல ஒட்டல. எண்ணெய் மேலயும் துரு மேலயும் ஒட்டியிருக்கு. துரு உதிருது, அதோட இதுவும் உதிருது." பிறகு அப்பா பக்கம் திரும்பிச் சிரித்தார். "அண்ணன்கிட்ட கேட்டிருக்கலாமே. ஆலையில எனக்கு அண்ணன் சொல்லிக் கொடுத்த முதல் வார்த்தையே 'தேய்'தான். பைப்புக்குப் பெயிண்ட் அடிக்கணும்னா மூணு நாள் வயர் பிரஷ்ஷோட உட்கார வச்சிடுவாரு. தேய்டா, தேய்டான்னு."

தே... தே...

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இடது பக்க உதட்டால் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பட்டறை வாசலில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அன்று சித்தப்பா முழு வேலையையும் கூட நின்று பார்க்க வைத்தார். பார்த்ததைச் சொல்கிறேன், கேள்வி கேட்ட தம்பிக்கும் உதவும்.

முதலில் பழைய பூச்சு முழுவதையும் எடுக்கிறார்கள். பிறகு பிசுக்கு நீக்கும் கரைசலில் ஊற வைத்துக் கழுவுகிறார்கள். காய்ந்ததும் வெறும் சாமானையே ஒரு முறை சூடாக்குகிறார்கள். இடுக்கிலும் வெல்டிங் ஓட்டையிலும் ஒளிந்திருக்கிற எண்ணெய் அப்போதுதான் வெளியே கசியும். கசிந்தால் மறுபடியும் கழுவ வேண்டும். அமெரிக்காக்காரரின் துப்பாக்கி வீடியோவிலும் இது இருந்தது. அசிட்டோனில் ஊற வைத்து, 150 டிகிரி வரை சூடாக்கி, எண்ணெய் வருகிறதா என்று பார்த்தார். நான்தான் அந்த இடத்தை வேகமாக ஓட்டிவிட்டேன். யாருக்கு வேண்டும் கழுவுகிற காட்சி?

அடுத்தது மணல் வீச்சு. அலுமினியம் ஆக்சைடு துகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி, இரும்பைச் சாம்பல் நிறச் சொரசொரப்பாக்குகிறார்கள். "வழவழன்னு இருந்தா பூச்சுக்குப் பிடி கிடைக்காது" என்றார் சித்தப்பா. என் கேரியரில் பாதி இடத்தில் பழைய குரோமியம் இருந்தது, கண்ணாடி மாதிரி. அங்கேதான் முதலில் உரிந்தது. வீசின பிறகு வெறும் கையால் தொடக்கூடாது. விரலின் எண்ணெயும் உப்பும் போதும், அந்த இடத்தில் கொப்புளம் வரும்.

அதற்குப் பிறகுதான் பவுடர். இதில் கரைப்பான் திரவமே கிடையாது, மாவு மாதிரி காய்ந்த பொடி. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் மின்னேற்றம் கொடுத்துத் தூவுகிறார்கள். சாமானை எர்த் செய்த கொக்கியில் மாட்டியிருப்பதால் பொடி தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது, பழைய டிவித் திரையில் தூசி ஒட்டுமே, அந்த மாதிரி. பிறகு அறை அளவுள்ள ஓவன். சுமார் 200 டிகிரி, பத்துப் பதினைந்து நிமிடம். அந்த நிமிடங்களை இரும்பே அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் எண்ண வேண்டும். ஓவன் காற்று சூடாகிவிட்டது என்று எண்ண ஆரம்பித்தால் பூச்சு பாதி வெந்ததாகவே நிற்கும். பொடி முதலில் உருகிப் பரவுகிறது. பிறகு அதன் மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. பின்னிய பிறகு மறுபடி சூடாக்கினாலும் உருகாது. சுட்ட பூச்சின் பலம் அங்கேதான் இருக்கிறது.

"அப்போ துப்பாக்கிக்கு ஏன் இதை அடிக்கல சித்தப்பா?" என்று கேட்டேன். பவுடர் பூச்சு ஒரு தலைமுடி அளவு தடிமன் வரும். ஒன்றுக்குள் ஒன்று உரசி ஓடுகிற பாகத்தில் அது சிக்கிக்கொள்ளும். அந்த வீடியோவில் வந்த பூச்சு சுமார் 25 மைக்ரோன்தான், முடியில் பாதிகூட இல்லை. சுடுவதும் 121 டிகிரியில் இரண்டு மணி நேரம். எஃகின் பதம் கெடுகிற சூடு அது இல்லை. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தடிமன், ஒரு சூடு. நான் மூன்று தடவை அப்பியது எந்தக் கணக்கிலும் வராது.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது சித்தப்பாவின் முகம் மாறியது. "ஸ்பிரே டின் பெயிண்ட்ல இருக்கிற கரைப்பான் எரியக்கூடியது. காயாம ஓவனுக்குள்ள வச்சு மூடினா அந்த ஆவி உள்ளேயே நிறையும். கம்பி வேற சிவக்கச் சூடா இருக்கும். நெருப்புப் பிடிச்சிருந்தா? வீட்டுல அண்ணன் இருக்காரு, அவரால ஓட முடியுமா?"

இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. போனது ஓவன் மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் நிம்மதிப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "புதுக் கல்லு வாங்கினா நேரா எண்ணெய் விட்டுத் தோசை ஊத்துவியா?" அம்மா புதுக் கல்லை முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவுவார். கஞ்சித் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் போட்டு, மறுபடியும் தேங்காய் நாரால் தேய்ப்பார். கடையில் பூசியிருக்கிற மெழுகும் எண்ணெயும் போக வேண்டும். பிறகுதான் துளி நல்லெண்ணெய் தடவி, அதையும் துடைத்துவிட்டு, வெங்காயத்தால் தேய்த்து, புகைய விட்டு, ஆறவிட்டு, மறுபடி தடவி... நாள்கணக்கில் கல்லைப் பழக்குவார். எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு பிடித்துக்கொண்ட கறுப்புப் பூச்சு அது. எண்ணெய் கூடினால் பிசுபிசுக்கும். பவுடர் பட்டறையில் நடந்ததும் ஏறக்குறைய இந்தக் கதைதான். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். நான் மட்டும் வீடியோவைக் கேட்டேன்.

தம்பி, நீங்கள் கேட்ட 'ஏன்'னுக்கு இப்போது நேராகச் சொல்கிறேன்.

சாப்பாடு சுடுகிற ஓவனில், ஏர் பிரையரும் சேர்த்துத்தான், பெயிண்டோ பவுடரோ ஒரு தடவை சுட்டால்கூட அது மறுபடியும் சமையலுக்கு ஆகாது. இந்த வேலைதான் ஆசை என்றால் பழைய மின்சார ஓவன் ஒன்றைத் தனியாக வாங்கி, காற்றோட்டமான வெளி இடத்தில் வையுங்கள். கேஸ் அடுப்பு, கேஸ் ஓவன் பக்கமே போக வேண்டாம். ஓவன் திருகியில் இருக்கிற எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி போடுங்கள்.

ஸ்பிரே பெயிண்ட் என்றால் டின்னில் போட்டிருக்கிற நேரம் முழுக்கக் காய விடுங்கள். மெல்லிசாக அடியுங்கள். துணி முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது, அதற்கென்று வடிகட்டி வைத்த கவசம் விற்கிறார்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரமாகத் தேயுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

பெட்ரோல் டேங்க், அப்சோர்பர் மாதிரி உள்ளே எண்ணெயோ வாயுவோ அடைபட்ட எதையும் ஓவனில் வைக்கக் கூடாது, வெடிக்கும். அலுமினிய ரிம், பிரேக் சாமான்களைத் தெரிந்த பட்டறையிலேயே கொடுங்கள். சூடு கூடினால் அலுமினியம் பலம் இழக்கும், அது வெளியே தெரியாது. சாலையில்தான் தெரியும்.

இதற்கெல்லாம் செலவு செய்வதைவிடப் பட்டறையில் கொடுப்பது மலிவாகத்தான் முடியும். சித்தப்பா என்னிடம் கேரியர், கிக்கர், சங்கிலி மூடி மூன்றுக்கும் சேர்த்து 90 ரிங்கிட் வாங்கினார். புது ஓவனுக்கு நான் கொடுத்தது அதைப் போல எட்டு மடங்கு.

ஆனால் ஒரு வேலையை மட்டும் பட்டறைக்குக் கொடுக்கவில்லை. சங்கிலி மூடியை முதலில் வீட்டுக்கு எடுத்து வந்து அப்பா மடியில் வைத்தேன், உப்புத்தாளோடு ஒரு வாளித் தண்ணீரும். அவர் வலது கையால் அழுத்திப் பிடிக்க முடியாது. நான் பிடித்துக்கொண்டேன், அவர் இடது கையால் தேய்த்தார். பத்து நிமிடம் தேய்ப்பார், ஐந்து நிமிடம் ஓய்வு. நான் முடிந்துவிட்டது என்று நினைத்த இடங்களில் விரலை வைத்துத் தலையை ஆட்டுவார். இன்னும் போகவில்லை என்று அர்த்தம். இரண்டு சனி ஞாயிறு ஆனது. தீபாவளி வந்து போய்விட்டது. அவசரம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பேச்சுப் பயிற்சியில் கொடுத்த தாள்களைவிட அந்த நான்கு நாளில் அவர் அதிகம் பேசினார். பெரும்பாலும் ஒரே சொல்தான். முழுசாகவே வந்தது.

இப்போது ஆறு மாதம் ஆகிறது. அந்த மூன்று சாமானிலும் ஒரு கொப்புளம் இல்லை. வண்டியை யாரும் ஓட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுகிறோம், அவ்வளவுதான். அம்மாவின் பழைய ஓவன் கொட்டகையில் இருக்கிறது. அதன் மேல் சிவப்புப் பெயிண்டில் 'சாப்பாட்டுக்கு இல்லை' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். புது ஓவனின் எந்த மூலையில் சூடு கூட என்று அம்மா பெருநாள் ஆர்டரில் கண்டுபிடித்துவிட்டார்.

போன ஞாயிறு கொட்டகை வாசலில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். இடது கையைத் தூக்கினார்.

"தே..." என்றார்.

நான் உப்புத்தாளைத் தேடி எழவில்லை. உள்ளேயும் ஓடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். நிகழ்ச்சியில் இருந்திருந்தால் அதற்குள் இரண்டு விளம்பரம் போயிருக்கும்.

"தே...த்...தண்ணி" என்று முடித்தார்.

கலக்கிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை குடித்தார்.